பிரஸ் பட்டன் வைத்த சட்டை

காலைச் சந்தையிலிருந்து என் கணவர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். கையில் கீரைக்கட்டு பத்திரமாக இருந்தது. இடது செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். அதுவரை அவருக்கே தெரியவில்லை. எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்து வெயிலில், தார்ச் சாலையில், வெறுங்காலோடு நடந்து வந்தவருக்குப் பாதம் சுடவே இல்லை.

நான் சிரித்தேன். சந்தையில் யாரைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேலியும் செய்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் பின்தங்கியது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, முடிக்க வேண்டிய ரவிக்கை ஒன்று இருந்ததால், தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

விபத்தில் தலை அடிபட்டவர் வீட்டில் இருந்தால், தயவுசெய்து செருப்பைக் கவனியுங்கள். வலி என்று சொல்லாத மனிதர்களின் உடம்பு இப்படித்தான் ஏதாவது ஒரு மூலையில் பேசும்.

விபத்து அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது. ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணம். எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பக்கத்து வீட்டுச் செல்வத்தின் வேனில் ஒரு கூட்டமே கிளம்பிப் போனது. எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடந்ததால் நான் போகவில்லை. திரும்பி வரும்போது பூச்சாடி வாங்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். மண்பாண்டக் கடைக்கு எதிரே செல்வம் வேனை ஓரங்கட்டினான். பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த லாரி அதில் மோதியது.

ஒருவருக்கு விலா எலும்பு முறிந்தது, ஒருவருக்குக் கை, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. என் கணவர் கதிரேசனின் தலை வேனின் இரும்புச் சட்டத்தில் மோதியிருக்கிறது. ஆனால் ரத்தம் வரவில்லை. அவர்தான் மற்றவர்களை இறக்கியவர், தண்ணீர் கொடுத்தவர். போலீஸ் கேட்டபோது தனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னவரும் அவர்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தாமானே சொன்னது. தலைக்கு வந்தது தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

செருப்பைத் தவறவிட்ட அன்று மாலையே பேச்சு குழறியது. மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். சப்டியூரல் ரத்தக்கட்டு (மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் மெல்ல மெல்லக் கசிந்து சேரும் ரத்தம்) என்றார் மருத்துவர். மண்டை ஓட்டில் துளை போட்டு வடித்தார்கள். தேறினார். மறுபடியும் கசிந்தது. இரண்டாம் முறை மண்டையைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் வேறொரு கதிரேசன்.

இடது கை மேசையில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். இடது காலை இழுத்து நடப்பார். நேற்றைய சோறு நினைவிருக்காது, ஆனால் ஸ்கூடாய் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில் எந்த வரிசையில் எந்தச் சரக்கு என்று ஒப்பிப்பார். குழந்தைகளைக்கூட அதட்டாத மனிதர், ரசத்தில் உப்பு குறைந்ததற்குத் தட்டை வீசினார். வீசிவிட்டு, யார் வீசியது என்று என்னையே கேட்டார். அன்று நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவருக்குப் பெரிய அவமானம் சட்டைப் பொத்தான். ஒற்றைக் கையால் போட முடியாது. நான் போட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் தையல்காரி. அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்து, உள்பக்கம் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தேன். பழைய பொத்தான்களை வெளியே அழகுக்காக அப்படியே விட்டுவிட்டேன். வலது கையால் அழுத்திக்கொண்டே போனால் போதும், சட்டை மூடிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குப் பொத்தான் போட்ட சட்டை. முதல்முறை தானே போட்டுக்கொண்ட அன்று கண்ணாடி முன் நின்று, "மாலா, மாப்பிள்ள மாதிரி இல்ல?" என்றார். என் தையலில் அதைவிட நல்ல வேலை எதுவும் நான் செய்ததில்லை.

இதற்கிடையில் வழக்கு ஆரம்பித்தது. வேனில் அடிபட்ட எல்லோரும் ஒரே வழக்கறிஞரிடம் போனோம். பொறுமையான பெண். எங்களுக்குப் புரியும் வரை திரும்பத் திரும்பச் சொன்னார். லாரியின் காப்புறுதி (இன்ஷூரன்ஸ்) நிறுவனம், வேனும் தப்பான இடத்தில் நின்றது, எனவே தப்பில் பாதி வேனுடையது என்று வாதிட்டது. அப்படியானால் அந்தப் பாதியைச் செல்வத்தின் காப்புறுதி கொடுக்குமா என்று கேட்டோம். அவர் இல்லை என்று தலையசைத்தார். நாம் வண்டிக்கு எடுக்கும் சாதாரணக் காப்புறுதி, நாம் இடித்துவிடும் ஆளுக்கானது. நம் வண்டிக்குள் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். செல்வம் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. எங்களில் யாருக்குத்தான் தெரிந்தது? சாலை வரி கட்டினோமா, கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டோமா, அதோடு சரி.

காப்புறுதி நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நரம்பியல் நிபுணரிடம் என் கணவரைச் சோதிக்க அனுப்பியது. அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் எங்களுக்கு எவ்வளவு பாதிப்பு என்று முடிவாகும். வழக்கறிஞர் என்னிடம், அண்ணனை உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார். நானும் வீட்டில் அவரிடம் பாடமாகவே சொன்னேன். முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க என்று மல்லுக்கு நின்றேன். சரி சரி என்றார்.

ஆனால் ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போவதற்கு எங்கள் வீடுகளில் ஒரு முறை இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போவோம். டாக்டரிடம் போகும்போதுதான் ஆகக் கூடுதலாக உடுத்துவோம். நோயை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் வேறு. போதாக்குறைக்கு அந்த வாரம் முழுக்க அவர் காலை இழுக்காமல் நடக்கப் பழகியிருக்கிறார். எனக்கு நல்லது என்றுதான் தோன்றியது.

உள்ளே என்னைக் கூப்பிடவில்லை. நடந்ததை வீடு திரும்பும்போது காரில் அவரே சொன்னார், அதுவும் பெருமையாக. அந்த நிபுணர் மலாய் மொழியில் "அப்பா கபார்?" என்று நலம் விசாரித்தாராம். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து "பாய்க், டாக்டர்" என்றாராம், நலம் என்று. நடக்கச் சொன்னாராம், நடந்தாராம். திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்துவிட்டு, உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று மேசைக்குத் திரும்பினாராம். அவர் உட்காருவதற்குள் இவர் எல்லாப் பொத்தானும் போட்டு வந்து நின்றுவிட்டாராம்.

"டாக்டரே அசந்துட்டாரு, மாலா."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திட்டத்தான் அவர் பக்கம் திரும்பினேன். நான் தைத்துக் கொடுத்த சட்டையில் அவர் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தார்.

அறிக்கை வந்தது. நன்றாகத் தேறியிருக்கிறார், தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார், உதவியின்றி உடுத்துகிறார் என்று இருப்பதாக வழக்கறிஞர் படித்துக் காட்டினார். போலீசிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அதோடு சேர்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் கணவர் மறைத்துக் காட்டிவிட்டார்.

அதன் பிறகு காப்புறுதி நிறுவனம் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமரசத் தொகை பேசியது. எல்லோரும் ஒப்புக்கொண்டால் வழக்கு முடியும், செல்வத்தை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருவர் மறுத்தாலும் வழக்கு நடக்கும். வேன் மேலும் தப்பு என்று தீர்ப்பானால், அந்தப் பங்கு செல்வத்தின் கையிலிருந்து வர வேண்டும். அவனிடம் இருப்பது இன்னும் கடன் தீராத ஒரு வீடு. மற்றவர்கள் அனைவரும் சரி என்றுவிட்டார்கள். விலாவும் கையும் கூடிவிட்டவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மீதி இருந்தது நாங்கள்.

நான் மறுத்தேன். இன்னொரு நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றேன். முடியும், ஆனால் இந்த முறை அவருடைய இயலாமையை எல்லாம் வீடியோ எடுக்க வேண்டியிருக்கும் என்றார் வழக்கறிஞர். சாப்பாடு சிந்துவதை, சாதாரணச் சட்டையோடு மல்லாடுவதை, தட்டு வீசுவதை. நான் அதற்கும் தயாராக இருந்தேன். எனக்கு ஒரே எண்ணம்தான். எனக்கு வயதாகிறது, நாளை இவர் படுத்துவிட்டால் யாரை வைத்துப் பார்ப்பேன்? மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அவளும் எத்தனை முறைதான் பாலம் தாண்டி ஓடி வருவாள்?

செல்வம் ஒரு மத்தியானம் வந்தான். தேநீரைத் தொடவில்லை.

"அக்கா, நீங்க எது செஞ்சாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வண்டிய நிறுத்துனது நான்தான்."

என் கணவர் அறையிலிருந்து வந்தார். காலை இழுத்துக்கொண்டுதான் வந்தார். அன்று அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

"இவன் வீட்ட வித்து நான் மருந்து சாப்பிடணுமா, மாலா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் சிந்திச் சாப்பிடறத ஜட்ஜுக்குப் படம் போட்டுக் காட்டாத. அது மட்டும் வேணாம்."

கையெழுத்துப் போட்டோம். இந்த விபத்தால் இப்போது உள்ளதற்கும் இனி வரப்போவதற்கும் சேர்த்து எல்லாம் தீர்ந்தது என்று அதற்குப் பொருள். இனி வரப்போவதற்கும் என்ற இடத்தில் வழக்கறிஞர் நிறுத்தி, புரிகிறதா என்று என்னைக் கேட்டார். புரிந்தது. புரிந்துதான் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் சரி செய்தேனா தவறு செய்தேனா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

வலிப்பு வந்தது அந்தத் தொகை கைக்கு வந்த பிறகுதான். அறுவை செய்த மூளையில் ஆறிய தழும்பு, நாள் கழித்தும் இப்படிக் கிளம்பும் என்றார்கள். குறை சொல்ல இடமில்லை, கையெழுத்துப் போட்ட விஷயத்தை உடம்பிடம் யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வலிப்பும் போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போனது. முதலில் நடை, பிறகு வலது கையின் பிடி. பிரஸ் பட்டனையும் இப்போது நான்தான் அழுத்துகிறேன். வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்குப் பதில் சொல்லவே சங்கடமாக இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை.

செல்வம் ஞாயிறுதோறும் வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிடுகிறான். இருவரும் விபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலும் செல்வம்தான் பேசுவான்.

எங்கள் வீட்டில் காலம் இப்போது நேராகப் போவதில்லை. வலிப்புக்குப் பிறகு எழும்போது அவர் எந்த வருடத்தில் கண் விழிப்பார் என்று தெரியாது. சில நாள் கிடங்கு வேலைக்குக் கிளம்புவார். சில நாள் செருப்பைத் தேடுவார். நானும் அந்தந்த வருடத்துக்குப் போய்ப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன். அவருடைய இடது கையை நான் தூக்கித் துடைக்கும்போது, அதன் எடை என் தோளுக்குப் பழகிவிட்டது. அது யாருடைய கை என்று சில சமயம் எனக்கே பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

போன மாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். வழக்கமான சோதனைதான், மருந்தளவைப் பார்க்க. ஆனாலும் எண்ணெய் வைத்து வாரி, இஸ்திரி போட்ட சட்டை அணிவித்தேன். பழக்கம் விடவில்லை. இளம் மலாய்ப் பெண் மருத்துவர் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் கையைத் தொட்டு, "அப்பா கபார், பாக்சிக்?" என்று கேட்டார், எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று.

அவர் நிமிரப் பார்த்தார். முடியவில்லை. வழக்கமான "பாய்க்" வரும் என்று நானும் காத்திருந்தேன். உதடுகூட அதற்குக் குவிந்தது. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தா லாராட், டாக்டர்" என்றார். முடியல என்று.

எத்தனை நாள் இந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள் என்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். சொல்லிவிட்டார். எனக்கோ, பொய்யாகவாவது நலம் என்று ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. மருத்துவர் மருந்தை எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் கையை ஆட்டி என்னை நிறுத்தினார். முன்பக்கம் போய்க் குனிந்தேன். எங்கே, எந்த வருடத்தில் இருக்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவ சரியாச் சொன்னேனா, மாலா?" என்று ரகசியமாகக் கேட்டார். "லாயரம்மாகிட்ட சொல்லிடு."

சரியாகச் சொன்னீர்கள் என்றேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். சட்டையில் ஒரு பட்டன் விட்டிருந்தது, அதை அழுத்திவிட்டு நாற்காலியைத் தள்ளினேன்.