சாக்குக் கழித்த எடை

நேற்று பக்கத்து வீட்டு ரஜனி, புது வேலை கிடைத்த சந்தோஷத்தில், என்னைக் கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் இருக்கும் ஒரு கஃபேக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலை உள்ளே வைத்ததுமே சுக்கு வாசனை. எத்தனை பெயின்ட் அடித்தாலும் அது போகாது. பத்து வருஷம் நான் உட்கார்ந்து சுக்கு பொறுக்கிய கிடங்கு அது. மூலையில் எங்கள் பழைய மேடைத் தராசு நிற்கிறது. அதன் மேல் ஒரு பூந்தொட்டி. எனக்கு வந்ததே கோபம். தொட்டி என்ன பாவம் செய்தது என்பீர்கள். தொட்டி மேல் இல்லை, கோபம் தராசு மேல்தான்.

என் வீட்டுக்காரர் அப்போது கோலாலம்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். முதல் வருஷம் தினமும் போன். அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் நானே கூப்பிட்டாலும் "வேலையா இருக்கேன், வை" என்பார். அவர் வா என்று சொல்லவில்லை, நானாகத்தான் கிளம்பினேன். அங்கேயே குடித்தனம் வைப்பது, இல்லாவிட்டால் ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டு வருவது. விசா கிசா எல்லாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அசட்டுத் தைரியம்.

இருப்பதிலேயே மலிவான டிக்கெட். கைப்பை ஏழு கிலோ, அதற்கு மேல் கடுகு வைத்தாலும் காசு. நாலு துணி, அவருக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல், அப்புறம் என் தோசைக்கல். சின்ன இரும்புக்கல், கல்யாணமான புதிதில் வாங்கியது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி பழகியிருந்தது. குடித்தனம் என்றால் எனக்கு அதுதான்.

வீட்டில் தராசு ஏது? பையைக் கிடங்குக்கே தூக்கிக்கொண்டு போனேன். மூட்டை தூக்கும் பெரியவர் ஹம்ஸாக்கா தராசில் வைத்து, குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"கிருத்யம் ஏழாணு மோளே. தைரியமாயிட்டு போ." சரியாக ஏழு கிலோ, நிம்மதியாகக் கிளம்பினேன்.

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் நகம் கூட அழுக்காகாத பிள்ளை. பையை வைக்கச் சொன்னாள், எண்ணைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"சேச்சி, எட்டுக்கு மேல உண்டு. ஒண்ணு பைசா கட்டணும், இல்லெங்கில் பையிலேர்ந்து ஏதெங்கிலும் சாதனம் வெளியே எடுக்கணும்."

"உன் தராசு கள்ளத் தராசு. மட்டாஞ்சேரி வந்து பாரு, தராசுன்னா என்னன்னு தெரியும்."

பின்னால் வரிசையில் சிரித்தார்கள். எனக்கு முன்னால் போன ஒருவன் மூன்று சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தப்பித்துவிட்டான். தோசைக்கல்லை எங்கே உடுத்துவது? கட்டச் சொன்ன காசு டிக்கெட்டையே மிஞ்சியது. ஒன்று கல், இல்லை வறுவல். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிற மனுஷன் முன்னால் வெறுங்கையோடு நிற்பதா என்று யோசித்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கல்லை ஒரு துண்டில் சுற்றித் தூண் ஓரமாக வைத்துவிட்டுப் போனேன்.

விமானத்தில் நடு இருக்கை. சாய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாற்காலி, முட்டி இடிக்கிறது, தண்ணீருக்கும் காசு. இந்தப் பக்கம் ஒருத்தன் கப் நூடுல்ஸ் உறிஞ்சுகிறான், அந்தப் பக்கம் ஒருத்தன் என் தோளில் தூங்கி வழிகிறான். அந்தக் கவுன்ட்டர் பெண்ணின் பரம்பரையையே மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுரீரென்றது. எங்கள் கிடங்கில் சரக்கோடு சேர்த்து நிறுத்துவிட்டு, அப்புறம் சாக்கின் எடையைக் கழிப்பது சள்ளை என்று, காலையிலேயே வெறும் இரட்டைச் சாக்கைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் எதை வைத்தாலும் சாக்கைக் கழித்துத்தான் சொல்லும். என் பைக்கு ஏது சாக்கு? இல்லாத சாக்குக்கும் ஒரு கிலோவுக்கு மேல் கழித்துவிட்டுத்தான் ஏழு என்று காட்டியிருக்கிறது. பத்து வருஷம் அந்தத் தராசின் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே உறைக்கவில்லை.

கோலாலம்பூரில் வெளியே வந்தால் அவரைக் காணோம். கால் கடுத்த பிறகு ஆடி அசைந்து வந்தார். தொப்பை போட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தார்.

"வறுவல் கொண்டாந்தியா?"

"இருக்கு. மொதல்ல வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்கு வேண்டாம். உனக்கு ரூம் போட்டிருக்கேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இங்க ஒருத்தி கூட இருக்கேன். போன்ல சொல்ல வாய் வரலை. நீ சீக்கிரம் திரும்பிப் போறது நல்லது."

அழுவேன் என்று நினைத்திருப்பார். எனக்குத் தூண் ஓரத்தில் இருக்கும் கல்தான் ஞாபகம் வந்தது. சொன்ன பிறகும் அந்த மனுஷனின் கை பையை நோக்கித்தான் நீண்டது. பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த வறுவலில் ஒரு துண்டு அவருக்குப் போகவில்லை. ரூமில் பாதி தின்றேன், மீதியைத் திரும்பி வருகிற விமானத்தில், அவர்கள் விற்ற எதையும் வாங்காமல், கறுக்முறுக்கென்று சத்தம் கேட்கத் தின்றேன்.

இறங்கியதும் நேரே அந்தத் தூணுக்குத்தான் ஓடினேன். கல்லும் இல்லை, துண்டும் இல்லை.

நேற்று கஃபேயில் பூந்தொட்டியை நகர்த்திவிட்டு என் கைப்பையை வைத்துப் பார்க்கப் போனேன். பரிமாறும் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, அது டெக்கரேஷனாணு, தொடருது," என்று தொட விடாமல் தடுத்தாள். முள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஹம்ஸாக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். சுக்கு மூட்டைகள் போய் வெள்ளைக்காரர்களின் முதுகு மூட்டைகள் வந்துவிட்டன. கோலாலம்பூர் மனுஷன் போனதை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அந்தக் கல் போன பிறகு மூன்று தோசைக்கல் வாங்கிவிட்டேன். மூன்றிலும் முதல் தோசை ஒட்டிக்கொண்டது. இன்று காலையும் ஒட்டியது. சுரண்டி எடுக்கும்போது அந்த மனுஷனைத்தான் பேர் சொல்லித் திட்டினேன்.