தீனதயாளனுக்கு மரியாதை வந்த கதை

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வைத்திருக்கும் தீனதயாளனின் வாய்க்குப் பயப்படாதவர் எங்கள் ஊரில் கிடையாது. நாங்கள் ஆட்டுக்குட்டியைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுகிற ஜனம். அவர் மட்டும் சம்பந்தியையே ‘வாய்யா’ என்பார். மனைவி அறிவுச்செல்விக்கு அந்த ‘யா’வும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பெயர் ‘ஏய்’தான்.

போன தை மாதம் மனிதர் திடீரென்று மாறிப்போனார். வண்டியில் வேலை செய்கிறவர்களைச் சாப்பிட்டீங்களா என்று விசாரித்தார். பெண்டாட்டியிடம் ‘தண்ணி குடுங்க’ என்றார். பழனிக்கு நடந்துபோய் வந்த பலன் என்று ஊரே பூரித்தது. செருப்பைக் கால் மாற்றி மாட்டினார், நடு ரோட்டில் நின்று காரணமில்லாமல் சிரித்தார். மரியாதை தெரிந்தவர் ஆகிவிட்டதால் அதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அறிவுச்செல்வி மட்டும் நம்பவில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார்.

“என்னையப் போயி வாங்க போங்கன்னு கூப்பிடறாருங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். இதற்கு மருந்து கேட்டு வந்த முதல் பெண் நீங்கள்தான் என்று சத்து மாத்திரை எழுதினார். அவள் ஸ்கேனுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

மூளையின் முன்பக்கத்தில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வீக்கத்துக்கான ஸ்டீராய்டைக்கூட உடனே கொடுக்கவில்லை. கொடுத்தால் கட்டி சுருங்கி ஒளிந்துகொள்ளுமாம், சோதனையில் அகப்படாதாம். மண்டையில் துளை போட்டுச் சதை எடுக்கப் போகிறோம் என்றார்கள். ஊரெல்லாம் தண்ணீருக்குப் பாயிண்ட் பார்த்துத் துளை போட்டவர், ‘பாயிண்ட் சரியாப் பாத்தீங்களா’ என்று பணிவாகக் கேட்டார். மூளையிலேயே முளைக்கிற அபூர்வமான லிம்போமா புற்றுநோய் என்று முடிவு வந்தது.

பிறகு சுற்றுச் சுற்றாகக் கீமோ. அவர் ‘ங்க’ போடும்போதெல்லாம் கட்டி இன்னும் கரையவில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள். பார்க்க வந்த உறவுக்காரர்களோ, இவ்வளவு தன்மையான மனுஷனுக்கா இப்படி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் காலையில் காபியை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். “ஏய், இதென்ன கழனித்தண்ணி?”

அறிவுச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனுஷன் திரும்பி வந்துவிட்டார். புது ஸ்கேனைப் பார்த்த பெரிய டாக்டரும், கட்டி கரைந்துவிட்டது, விடாமல் வந்து காட்டிக்கொண்டிருங்கள் என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

“கட்டிய நல்லாக் கரைச்சுட்டீங்க சார். அந்த ‘ங்க’வ மட்டும் உட்டு வெச்சிருக்கக் கூடாதுங்களா?”