சுரைக்குடுவையில் குறைந்த மருந்து

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். அப்படிப் பண்டத்தரிப்புக்குப் போன என்னை, முதல் மாம்பழக் காலத்திலேயே மாமனார் வெடிமருந்துக் கள்ளன் ஆக்கிவிட்டார்.

அவரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, பின்னால் பொறி தட்டும் கேப்பு வைத்துச் சுடுகிற பழைய சாமான். மற்றவர்கள் ஈயச் சன்னக் குண்டுகளும் போடுவார்கள். எங்களுடையது சைவ வீடு; மாமனார் ஈயத்தைத் தொடமாட்டார். பொழுதுபடும் நேரம் மாமரத்தில் இறங்கும் வௌவால்களுக்கு வெறும் சத்தம் மட்டும் காட்டுவார். அவை ஒருமுறை சுற்றிவிட்டு அதே கொப்பில் வந்து தொங்கும். ஆனாலும் மனிதர் விடமாட்டார்.

அது சண்டைக் காலம். மருந்து வாங்குவதென்றால் அனுமதி கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு அலைய வேண்டும். வாங்கியதைச் சுரைக்குடுவையில் அடைத்து நெல் அறையின் கூரை வளைமரத்தில் தொங்கவிட்டிருந்தார். அது குறையத் தொடங்கியது. தினமும் குடுவையைக் காதோரம் பிடித்துக் குலுக்குவார். பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

“தம்பி, உம்மடை ஊர்க் கடலிலை வெடி போட்டு மீன் பிடிக்கிறாங்களாமே?” என்றார் ஒருநாள்.

என் ஊர் கீரிமலைப் பக்கம். “எனக்குத் தெரியாது மாமா.”

“விதானையார் அறிஞ்சு அரசாங்கத்துக்கு எழுதினால் துவக்கும் போகும், மானமும் போகும். பிறகு நீர் உம்மடை அம்மா வீட்டிலை போய் இருக்க வேண்டியதுதான்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கள்ளனைப் பிடித்தே தீருவதென்று நின்றேன். மைத்துனனின் சட்டைப்பையை முகர்ந்தேன், சுருட்டு மணம்தான். வேலி அடைக்க வந்தவரின் கடகப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். மாமியார் சிரித்தால்கூட அதில் ஏதோ இருப்பதாகப் பட்டது. சந்தேகம் ஒட்டுவாரொட்டி, மாமனாரிடமிருந்து எனக்கும் தொற்றிவிட்டது.

ஒரு காலை கன்றை அவிழ்க்கப் போனேன். சொறி பிடித்த அதன் கழுத்தில் கரிய பூச்சு. தொட்டு முகர்ந்தேன். வேப்பெண்ணெயும் கந்தகமும் மணத்தன. வெடிமருந்தை எண்ணெயில் குழைத்துச் சொறிக்குப் பூசுவது ஊர்க் கைவைத்தியம். மாட்டுக்கொட்டிலுக்குள் சிரட்டையோடு நின்றது என் மனைவி.

“உம்மடை அப்பு என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறார். தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீரோ?”

“எனக்கெண்டால் அப்பு அடிப்பார்,” என்றாள். “மருமகனுக்குக் கை ஓங்கமாட்டார்தானே எண்டு இருந்திட்டன்.”

நெஞ்சு எரிந்தது. ஆனால் அவளை அடிவாங்க விட மனம் வரவில்லை. நேரே மாமனாரிடம் போனேன்.

“நான்தான் எடுத்தனான் மாமா. கண்டுக்குட்டியின்ரை சொறிக்குப் பூச.”

கோபித்திருந்தால் பரவாயில்லை. “கேட்டிருந்தால் தந்திருப்பன்தானே, தம்பி,” என்றார் ஆறுதலாக. “என்ரை பிள்ளையள் எண்டால் ஒளிக்காதுகள்.”

அன்றே நெல் அறைக்குப் பூட்டுப் போட்டார். அதன் திறப்புச் சாவியை மகளிடம் கொடுத்து, “உவரிட்டைக் குடுத்திடாதை,” என்றார்.