வால்வு ஆம்பும் வெட்டிய எர்த்தும்

1. உதட்டில் விழுந்த அடி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனி. ஆயுத பூஜை. பூஜை முடிந்து சாப்பாடு போடும்வரை தொழிலாளர்களை உட்கார வைக்க எங்கள் மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். குழுவில் நான் பாஸ் கிட்டார். சவுண்ட் செக் பண்ணும்போது கிட்டாரைப் பிடித்தபடியே கோரஸ் மைக்குப் பக்கம் வாயைக் கொண்டுபோனேன். உதட்டில் பளீரென்று ஓர் அடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குழுவின் முதலாளி ஜெயபால் சார் மேடைக்குக் கீழே நின்று மாலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஆம்புல ஷாக் அடிக்குது.”

“கை ஈரமா இருக்கும் எஸ்தரு. தொடச்சிக்கினு வாசிம்மா.”

“அடிச்சது உதட்டுல சார்.”

“அப்போ உதடு ஈரம்.”

இந்த மாதிரி பதில் சொல்வதற்கு ஒரு தனித்திறமை வேண்டும். ஷாக் அடித்தால் அது வாசிக்கிறவரின் ஈரம். சத்தம் நன்றாக வந்தால் அது ஜெயபால் சாரின் வால்வு.

2. சந்தனம் வைத்த பெட்டி

என் கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அந்த ஆம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் மூடப்போன ஒரு பழைய ஓட்டலின் டான்ஸ் ஹாலிலிருந்து ஜெயபால் சார் வாங்கி வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. இப்போதைய ஆம்புகளில் இருக்கும் டிரான்சிஸ்டருக்குப் பதிலாக அதில் பல்பு மாதிரி கண்ணாடி வால்வுகள் எரியும். தூக்க இரண்டு ஆள் வேண்டும், திட்ட மூன்றாவது ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமையானால் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறும். முதலில் அதைப் ‘பழைய பெட்டி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்த மறுநாளிலிருந்து அது ‘விண்டேஜ்’ ஆகிவிட்டது.

பொய் சொல்ல மாட்டேன். அதன் உடம்பு நன்றாக இருந்த காலத்தில் சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. கீழ் ஸ்ட்ரிங்கைத் தட்டினால் பலகை வழியாகப் பாதத்தில் வந்து ஏறும். ஆனால் எந்த மெஷினுக்கும் பராமரிப்பு வேண்டும். ஜெயபால் சாருக்குத் தெரிந்த பராமரிப்பு குங்குமம் ஒன்றுதான். கச்சேரி முடிந்ததும் வால்வு ஆறும்வரை அதை அசைக்கக் கூடாது. இவர் சுடச்சுட வேனில் ஏற்றச் சொல்வார். ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஆன் பண்ணக் கூடாது. இவர் கம்பெனிக்காரர்களுக்கு வால்வு எரிவதைக் காட்ட ஆன் பண்ணுவார். கீபோர்டு வாசிக்கும் முரளி அதன் தலையில் டீ கிளாஸை வைப்பான். அதற்கு மட்டும் சாருக்குக் கோபம் வரும். குங்குமம் அழிந்துவிடுமாம்.

ஒருமுறை வால்வு போனது. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் ஆம்ப் சர்வீஸ் பண்ணும் பாஸ்கரிடம் கொண்டுபோனோம். பாஸ்கர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்டன்சர் மெயின்ஸ்ல இருந்து பாடிக்குப் போவுது. வயசாயிடுச்சி. இது ஷார்ட் ஆச்சின்னா மொத்த இரும்பும் கரண்டு. கிட்டார் கம்பி வரைக்கும் வரும். மாத்திடலாம் சார்” என்றார்.

“ஒரிஜினல் பீஸுப்பா. உள்ள கைய வச்சா வேல்யூ பூடும்.”

“ஆளு பூட்டா?”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சுப்பா இது?” என்றார் சார்.

கடைசியில் இரண்டு ஒயர் கார்டை எடுத்துவிட்டு, கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த்துடன் மூன்று ஒயர் கார்டு போட மட்டும் சம்மதித்தார். கார்டு பெட்டிக்கு வெளியே இருப்பதால் வேல்யூவில் சேராதாம்.

அதுவும் நிலைக்கவில்லை. ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் ‘உய்ங்’ என்று ஓர் இரைச்சல். மைக்குகளெல்லாம் வந்து சேரும் மிக்ஸருக்கு ஓர் இடத்திலும் ஆம்புக்கு வேறு இடத்திலும் கரண்ட் எடுத்தால் இப்படி வரும். இரண்டையும் ஒரே போர்டில் செருகினால் பெரும்பாலும் போய்விடும். ஜெயபால் சார் பிளக்கைத் திறந்தார். எர்த்துக்கான பச்சை ஒயரை நெயில் கட்டரால் வெட்டினார். இரைச்சல் நின்றது. “பாத்தியா, பாஸ்கருக்கே தெரியல” என்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நான் குடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் நம்பவா போகிறீர்கள்? குடித்தேன். சண்டை போட்டுக்கொண்டேதான் குடித்தேன்.

3. பாஸ் இல்லாத கச்சேரி

ஆயுத பூஜை மேடைக்கு வருகிறேன். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து கிட்டார் கம்பியில் வைத்தேன். எரிந்தது. ஆம்பின் இரும்பில் வைத்தேன். இன்னும் நன்றாக எரிந்தது.

“டெஸ்டரு எங்க வச்சாலும் எரியும்” என்றார் சார்.

“உங்க மேல வச்சிப் பாக்கட்டுமா?”

முரளி சிரித்துவிட்டான். அதோடு சாரின் முகம் மாறியது. “இஷ்டம்னா வாசி. இல்லன்னா எறங்கு. ஜனங்க பாஸ் கேக்கவா வந்துக்கிறாங்க?”

“அந்தப் பிளக்கைப் புடுங்குங்க சார், இறங்கறேன்.”

“கச்சேரி முடியட்டும்.”

கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தேன். நான் இல்லாமல் முதல் பாட்டே சரிந்துவிடும், சார் ஓடி வந்து கெஞ்சுவார் என்று நினைத்தேன். முரளி இடது கையால் கீபோர்டில் பாஸைச் சேர்த்து வாசித்தான். ஜனங்கள் ஆடினார்கள். ஃபர்னஸ் டிபார்ட்மென்ட் ஆட்கள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். பாஸ் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பாஸ் வாசித்தவளுக்கு இதைவிடப் பெரிய ஷாக்கை எந்த ஆம்பும் கொடுக்க முடியாது.

ஆம்ப் மட்டும் மேடையில் ஆனில் இருந்தது. வால்வு எரிவது அழகாக இருக்கிறதாம்.

4. டில்லி

எங்கள் பாடகன் டில்லி பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குப்பத்துப் பையன். குரல் நன்றாக இருக்கும். அதைவிட நன்றாகத் துள்ளுவான். மூன்றாவது பாட்டில் மேடையைச் சுற்றி ஓடிவந்து, ஒரு கையில் மைக்கோடு, மறு கையை ஆம்பின் மேல் ஊன்றினான். இரும்பில் கை பட்டதும் பாட்டு அறுந்தது. அவன் கை ஆம்பை விடவில்லை. மைக்கையும் விடவில்லை. உடம்பு ஆடியது. அதையும் ஒரு ஸ்டெப் என்று நினைத்து முன்வரிசையில் விசில் அடித்தார்கள்.

முரளி அவனைப் பிடிக்கப் போனான். “தொடாதடா!” என்று கத்திக்கொண்டே நான் போர்டுக்குத் தாவி ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினேன். டில்லி பின்னால் சாய்ந்தான். அவன் கையிலிருந்த மைக்கின் ஒயர் ஆம்பில் சிக்கி இழுத்ததில் ஆம்பும் சரிந்தது.

ஜெயபால் சார் மேடைக்கு ஓடி வந்தார். வந்தவர் கேட்டது இது: “ஆம்புக்கு ஒண்ணும் ஆவலையே?”

அவரைப் பற்றி நான் இதற்குமேல் எதுவும் எழுத வேண்டியதில்லை.

கம்பெனி ஆம்புலன்ஸில் டில்லியைக் கொண்டுபோனோம். நானும் முரளியும் கூட உட்கார்ந்திருந்தோம். டில்லிக்கு நினைவு இருந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. “பாட்டு பாதில நின்னுச்சேக்கா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாயை மூடச் சொல்லி அதட்டினேன்.

5. திரும்பிப் போனவன்

நான் குழுவை விட்டுவிட்டேன். கடம்பத்தூரில் எங்கள் சர்ச்சிலும் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களிலும் வாசித்தேன். பாத்திரக்கடைப் பெட்டி மாதிரி ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப். யாரும் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. அதுவும் யாரையும் அடிக்கவில்லை.

கையில் போட்ட கட்டைப் பிரித்த கொஞ்ச நாளில் டில்லி ஜெயபால் சாரிடமே திரும்பிப் போய்விட்டான் என்று முரளி சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போன் போட்டு, “சூடு சொரணை இருக்காடா உனக்கு? ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கினு வந்து ‘கண்ணு பட்டுச்சி’ன்னாரே, அந்த ஆளு கூடயா போவ?” என்று கேட்டேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். “எனக்குப் பாட வேற எடம் இல்லக்கா. உனுக்குச் சர்ச்சு இருக்குது. ஆனா சும்மா போவல. பாஸ்கர் அண்ணங்கிட்ட ஆம்ப எட்த்துனு போயி அந்தக் கண்டன்சர மாத்துனாதான் மேடை ஏறுவேன்னுட்டேன். பேஜாரு பண்ணாரு. அப்புறம் மாத்திட்டாரு. இப்ப நீ சொல்லு, எர்த்து கீதான்னு எப்டிப் பாக்கறது?”

திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார். பச்சை ஒயர், மேலே இருக்கும் பெரிய பின்னில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார். மேடை போர்டுக்கே எர்த் வருகிறதா என்று பந்தல் எலக்ட்ரீஷியனை டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டச் சொல். காட்ட மாட்டேன் என்றால் ஏறாதே. பெட்டியின் உள்ளே கை வைக்காதே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். அது பாஸ்கர் வேலை. இரைச்சல் வந்தால் மிக்ஸரும் ஆம்பும் ஒரே போர்டில் இருக்கட்டும்.

பிறகு முரளி சொன்னது. திருவள்ளூரில் ஒரு திறப்பு விழா. டில்லி பிளக்கைத் திறந்து பார்த்திருக்கிறான். ஜெயபால் சார் மறுபடியும் பச்சை ஒயரை வெட்டி வைத்திருந்தார். டில்லி கீழே உட்கார்ந்து, ஒயரைச் சீவி, திரும்ப மாட்டினான். புதிதாக வந்திருந்த பாஸ் கிட்டார் பையனை அதுவரை கிட்டாரைத் தொடவே விடவில்லை. மிக்ஸரையும் ஆம்பையும் ஒரே போர்டில் செருகி ஆன் பண்ணியும் ‘உய்ங்’.

“கேக்குதாடா? இத்த வச்சிக்கினு எப்டிடா பாடுவ?” என்று சார் கத்தினாராம்.

“உய்ங்குனா இன்னா சார்? நான் சத்தமா பாடிக்கிறேன்” என்றானாம் டில்லி.

அந்தப் பெட்டிக்கு முன்னால் இனி நிற்கவே கூடாது என்று மேடையை விட்டு இறங்கினவள் நான். அது ஒன்றுதான் மரியாதையுள்ள வழி என்று இறுமாப்பாகவும் இருந்தேன். நான் இறங்கியதால் ஜெயபால் சாருக்கு ஒரு மயிரும் குறையவில்லை, வேறு ஒருத்தன் வந்து என் இடத்தில் நின்றான். அவனைக் காப்பாற்றியது சொரணை கெட்டவன் என்று நான் திட்டிய டில்லி. இந்த வேலையில் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது இதுதான், அதையும் போன மாதம்தான் கற்றுக்கொண்டேன்.