ரோஸ் கலர் கல்யாணப் பை

என்னைக் கடலைக் காப்பாற்றுகிற அம்மா என்று ஒரு மேடையில் சொல்லிவிட்டார்கள். ஏனாத்தூர் பக்கம் படிக்கிற காலேஜ் பிள்ளைகள் நடத்திய கூட்டம் அது. தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்துக் கைதட்டினார்கள். எனக்கோ எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. கடலை அதுவரை நான் பார்த்ததே இரண்டோ மூன்றோ தடவைதான். பிளாஸ்டிக்கோடும் எனக்குப் பெரிய பகை எதுவும் கிடையாது. எனக்கு ஆகாதது ஒரே ஒரு பை. அது என் மகளின் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை.

என் வீட்டுக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் ஜாக்கெட் தைக்கிற டெய்லர். பட்டுக்கடையில் புடவை எடுத்தவர்கள் கையோடு அவரிடம் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் வெட்டித் தைப்பார், நான் கொக்கி வைத்து, ஓரம் மடித்து எம்மிங் செய்வேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தாம்பூலப் பைகளை மஞ்சள் துணியில் தானே தைத்துவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள். மஞ்சள் பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காடு என்று சிரிக்கிற காலம் அது. எனக்கும் பளபளவென்று இருக்கிற பிளாஸ்டிக் பைதான் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

ரோஸ் கலரில் கெட்டியான பை. ஒரு பக்கம் பிள்ளையார். மறுபக்கம் ஒரு ஹார்ட் படம், அதற்குள் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் தங்க நிற எழுத்தில். அச்சடித்துக் கொடுத்தவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார். “எத்தினி வருசம் ஆனாலும் இந்தப் பிரிண்ட்டு போவாதும்மா. நீயே தேச்சிப் பாரு.” நானும் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தேங்காயும் வெற்றிலையும் போட்ட அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனதை மண்டப வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருஷம் ஆகவில்லை. அவனுக்குப் பெங்களூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. என் மகள் ஒரு சாயங்காலம் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். வக்கீல், வாய்தா என்று அலைந்து ஒருவழியாக விவாகரத்து கிடைத்தது. அதன் பிறகு ஒரு பட்டுக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள், அவன் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள். நாங்களும் எடுக்க மாட்டோம். அவன் பெயரில் இருக்கிற பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரரைக்கூட வீட்டில் நாங்கள் ‘மூக்குக்கண்ணாடிக்காரர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மார்க்கெட்டில் அந்தப் பையைப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் கையில் ரோஸ் கலர் பை. பிள்ளையார் முழங்காலில் இடித்துக்கொண்டு வந்தார். அவள் கை மாற்றியபோது பை திரும்பியது. இரண்டு பெயரும் பளிச்சென்று தெரிந்தன. வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் அதுதான். சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கியது. மழை நாளில் சைக்கிள் சீட்டுக்குத் தொப்பியாகக் கட்டியிருந்தார்கள். ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவில் ஒரு கிழவர் அதில் மருந்துச் சீட்டை வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். மற்ற கவரெல்லாம் இரண்டு நாளில் கிழிந்து போகும். இது கெட்டியான பை அல்லவா, எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். என் மகள் தினமும் இதே தெருக்களில்தான் வேலைக்கு நடந்து போகிறாள். அவள் கண்ணில் அது படக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதலில் எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். அவர் அந்தப் பையில்தான் பால் பாக்கெட் வாங்கி வருவார். லைனிங் துணி மிச்சத்தில் ஒரு பை தைத்து எடுத்துப் போனேன்.

“அக்கா, அந்த ரோஸ் பையக் குட்த்துட்டு இத்த வெச்சிக்க.”

“ஏம்மா, இது நல்லாத்தான இருக்குது?”

கல்யாணப் பை என்று சொல்ல வாய் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். “பிளாஸ்டிக்கு ரொம்பக் கெடுதலாம்க்கா. பேப்பர்ல போட்டுக்கினே இருக்கான்.”

“அப்டியா? அப்ப இரு” என்று உள்ளே போனவர், ஒரு மூட்டை கவரைக் கொண்டு வந்து என் காலடியில் போட்டார். “இத்தையும் எட்த்துக்கினு போய் துணிப்பை தச்சிக் குடு.”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு பையை மட்டும் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். விஷயம் தெரிந்தால் அய்யோ பாவம் என்பார்கள், அது என் மகள் காதுக்குப் போகும். அதனால் எல்லாவற்றையும் வாங்கினேன். அடுத்த வீடு, அதற்கடுத்த தெரு என்று அது வளர்ந்தது. ரோஸ் கலர் பை இருக்கிற வீட்டுக்கு மட்டும் போனால் சந்தேகம் வரும் என்று, இல்லாத வீட்டுக்கும் போனேன். கட்பீஸ் துணியெல்லாம் பையாகி ஊருக்குள் போனது. பிள்ளைகள் என்னை ‘பைக்காரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக் கெடுதல் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்குக் கவரில் சாமான் வந்தால் நன்றாகவா இருக்கும்? தயிருக்குச் சொம்பு, எண்ணெய்க்குக் கேன், ஓட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி. பூக்காரியிடம் இலையில் கட்டிக் கேட்டு வாங்கினேன். கடைக்குப் போகிறவர் என் வீட்டுக்காரர் என்பதால் பாடுபட்டதும் அவர்தான். கடைத்தெருவில் தூக்கோடு நிற்கிற டெய்லரைப் பார்த்து, என்ன மாஸ்டர், வீட்டில் சமையல் இல்லையா என்று கேலி செய்வார்களாம். “நீ ஒரு பொய்ய சொல்ட்ட. அதுக்கு நான் சொம்பத் தூக்கிக்கினு அலையறேன்” என்பார். ஆனால் ஒரு நாள்கூட மறந்துவிட்டுப் போனதில்லை.

வாங்கி வந்த ரோஸ் பைகளை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. ஒரு மத்தியானம் மகள் வேலைக்குப் போயிருந்தபோது கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். கரும்புகையும் நாற்றமும் தெருவையே தூக்கியது. பின்வீட்டுக்காரர் கத்தினார். அணைத்துப் பார்த்தால் பாதி உருகிக் கல்லாகிக் கிடந்தது, அதன் ஓரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து அப்படியே இருந்தது. பெற்ற பெண்ணின் பெயரைக் கொளுத்தினோமே என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன். குப்பையில் போட்டால் மறுபடி தெருவுக்குத்தான் வரும். அதனால் ஒவ்வொன்றையும் கழுவி, துடைத்து, பெயர் உள்ளே போகிற மாதிரி நாலாக மடித்து, பரணில் பழைய கட்பீஸ் மூட்டைக்கு அடியில் வைத்தேன். மகள் சாயங்காலம் வந்து, என்ன இது நாற்றம் என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் யாரோ டயர் கொளுத்தினார்கள் என்றேன்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசற்படி ஏறியது. முனிசிபாலிட்டி ஆள் இறங்கிக் கம்பியால் இழுத்து இழுத்துப் போட்டார். நான் குடையோடு பக்கத்தில் நின்று ரோஸ் கலர் வருகிறதா என்று பார்த்தேன். இரண்டு வந்தன. அவற்றைப் பொறுக்கப் போய் மற்றதையும் பார்க்க வேண்டியதாயிற்று. தண்ணீர் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், பால் கவர், கறிக்கடைக் கவர், யார் யார் கல்யாணப் பையோ. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. “தெனிக்கும் இதான்மா எங்களுக்கு” என்றார் அந்த ஆள், மூச்சு வாங்கிக்கொண்டு. வாய்க்கு வந்ததாக நான் சொன்ன பொய் பொய்யே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதில் எனக்கு ஒன்றும் பெருமையாக இல்லை. மலைப்பாகத்தான் இருந்தது. நான் ஒரு பை தைத்துக் கொடுப்பதற்குள் கடைக்காரர்கள் ஒரு கட்டுக் கவரைப் பிரித்துவிடுகிறார்கள். ராத்திரியில் இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் தைத்தேன். பையை வாங்கிக்கொண்டவர்களே அடுத்த வாரம் கவரோடு எதிரில் வந்து, மறந்துட்டம்மா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போங்கள் என்று நானும் விட்டுவிடுவேன்.

இப்படியே சில வருஷம் ஓடியது. யாரோ சொல்லித்தான் அந்தக் காலேஜ் பிள்ளைகள் வீட்டைத் தேடி வந்தார்கள். மேடை, துண்டு, கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம், நீங்களும் கண்டிப்பாக வரவேண்டும் என்றார்கள்.

“எங்க ஊரு கவருக்கும் கடலுக்கும் இன்னாப்பா சம்பந்தம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“லிங்க் இருக்குது அங்கிள். நம்ம கால்வாய் வேகவதிக்குப் போவுது, வேகவதி பாலாறுக்கு, பாலாறு டைரக்டா கடலுக்கு. ஆமைங்கோ கவரப் பாத்து ஜெல்லி மீனுன்னு நெனச்சி முழுங்கிடுது. அப்டியே செத்துடுது.”

“பாலாத்துல தண்ணியே காணோம், கவரு மட்டும் எப்டிப்பா போவும்?”

“ஒரு மழ வரட்டும் அங்கிள். மொத்தமா போய்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் தேடிக் கிடைக்காத பைகள் எத்தனையோ. எல்லாம் தீர்ந்துவிட்டன என்று கொஞ்ச நாளாக நிம்மதியாக இருந்தேன். தீரவில்லை, கடலுக்குப் போயிருக்கின்றன. வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பட்டுக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் மகள், “நாங்க ரெண்டு பேரும் வரோம்” என்றாள். அவள் இப்படி எங்கேயும் வருகிறேன் என்று சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கோணிப்பையைக் கொடுத்தார்கள். மணலில் அலை வந்து திரும்புகிற இடம் நெடுக ஒரு கோடு போட்டது போலக் குப்பை. ஒரு மீனவர் வலையை விரித்து உட்கார்ந்து, கண்ணிகளில் சிக்கியிருந்த கவர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை அவர் முகத்தில். நான் கொக்கி தைக்கிறபோது என் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளிடம் வெயில் படாமல் இந்தப் பக்கமே பொறுக்கு என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். குப்பையைக் காலால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். ரோஸாக எது தெரிந்தாலும் ஓடினேன். ஒரு செருப்பு, ஒரு மூடி, ஒரு பொம்மைக் கை. கோணிப்பையில் ஒன்றும் விழவில்லை. மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது. முன்னால் பார்த்தால் கரை போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர், அதற்கு முடிவே இல்லை. இதில் எங்கே போய்த் தேடுவேன்? அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள்.

“கெடச்சிதாம்மா?” என்றாள்.

எது என்று கேட்கவில்லை நான். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிந்து, மணலில் புதைந்திருந்த எதையோ இழுத்தாள். ஒரு வெள்ளைப் பை. எங்களுடையது இல்லை. ஒரு பக்கம் இருந்த சாமி படம் வெளுத்துப் போயிருந்தது. மறுபக்கம் இரண்டு பெயர்கள். மாப்பிள்ளையின் பெயர் பாதி அழிந்திருந்தது, பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது. அதை அவள் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அலைக்குப் போய் மண்ணைக் கழுவி, உதறி, புடவைத் தலைப்பால் துடைத்து, பெயர் உள்ளே போகிற மாதிரி நாலாக மடித்தாள். பிள்ளைகள் கொடுத்த கோணியில் போடவில்லை. என் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் வைத்தாள்.

“இத்தையும் பரண்ல வெச்சிடும்மா” என்றாள். “அவங்கம்மாவும் தேடிக்கினுதான் இருப்பாங்க.”