மேயர் அங்கிக்கு வைத்த பொத்தான்கள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் பாளையங்கோட்டையில் என் கத்தரி பட்ட துணிக்குத் தனி மரியாதை உண்டு. தாமிரபரணியின் இரண்டு கரையிலும், நான் தைத்த அங்கியைப் போடாமல் சர்ச்சில் பிரசங்கம் செய்த சபை ஐயர்மார் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளது அது.

போன வருடம் ஒருவர் கடைக்கு வந்தார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் உடைகளுக்குப் பொறுப்பானவர். எங்கள் ஊரில் பெண் கட்டியவர். ஒரு பெரிய பட்டணத்து மேயரின் வாழ்க்கைக் கதையாம் அது. தெருக்குழாயடியில் தண்ணீர்ச் சண்டைகளைத் தீர்த்துத் தீர்த்தே மேயராகிவிட்ட மனிதர். என்னைப் போலத் தானாக எழும்பி வந்தவர் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

"பதவி ஏக்கிற சீனுக்குச் சிவப்பு அங்கி வேணும் அண்ணாச்சி" என்று கைபேசியில் படம் காட்டினார். மார்பளவுப் படம். அதிலும் பாதியைத் தங்கச் சங்கிலி மறைத்திருந்தது.

"அளவைக் குடுத்துட்டுப் போம். அங்கி எனக்குப் புதுசா?" என்றேன்.

எட்டே நாளில் தைத்து அனுப்பினேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை பித்தளைப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் கையாலேயே காஜாத் துளை எடுத்தேன். பொத்தான் வைக்கும் முன்பட்டியின் உள்பக்கத்துக்கு மற்றவர்கள் மட்டமான துணியை வைத்து ஒப்பேற்றுவார்கள். நான் அதே சிவப்புத் துணியைத்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த ஒருவரையும் விடாமல் நிறுத்தி, "மேயருக்கு அங்கி தச்சாச்சு, டிவியில வரும்போது நம்ம வீட்டுக்கு வந்து பாருங்க" என்றேன்.

மறுநாள் பக்கத்து ஜவுளிக்கடை பாய் செய்தித்தாளோடு வந்தார். ஏதோ ஓர் ஊரில் மேயர் பதவியேற்ற படம். தலை முதல் கால் வரை.

"அண்ணாச்சி, இங்கன பாரும். மேயர் அங்கி முன்னால தொறந்துல்லா கெடக்கு! சட்டை, வேட்டி எல்லாம் தெரியுது. நீரு தச்சது ஐயருமாரு போடுததுல்லா?"

செய்தித்தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மேயர் அங்கி வக்கீல் கவுனைப் போலத் திறந்து கிடப்பது. நான் வழக்கம்போல் கீழ்வரை மூடித் தைத்துவிட்டேன்.

"மேயர் பதவி ஏத்ததும் ஞானஸ்நானம் குடுப்பாரோ?" என்று பாய் சிரித்தார்.

அந்தத் தொடர்க்காரருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கையில் எடுத்து எடுத்து வைத்தேன். இத்தனை வருடம் தைத்தவன், தப்பாகத் தைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது வேறு. மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். "எல்லாரையும் கூப்புட்டது நீங்கதான?" என்றாள், அவ்வளவுதான்.

ஒளிபரப்பான சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். எங்கள் ஐயரும் வந்திருந்தார். பாய் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கதவோரம் நின்றேன்.

முதலில் மேயரின் முகம். பிறகு படியேறும் செருப்புக் கால்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆத்தாடி, என்ன கம்பீரம்!" என்றது யாரோ ஒரு பெண் குரல்.

பார்த்தேன். ஒரு பொத்தானையும் மாட்டாமல் அங்கியைத் திறந்து விட்டிருந்தார்கள். உள்ளே வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒரு பக்க ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பித்தளைப் பொத்தான்கள், சரிகை வைத்தது போல மின்னின. மின்விசிறிக் காற்றில் முன்பட்டி புரண்டபோது உள்பக்கமும் அதே சிவப்பு. மட்டத் துணி வைத்திருந்தால் அங்கேயே என் மானம் போயிருக்கும்.

பாய் மட்டும் திரும்பிப் பார்த்தார். "பொத்தானும் வச்சு, பூட்டாமலும் விட்டு... இது என்ன மோஸ்தர்வே?"

"பட்டணத்து மேயருக்கு அப்பிடித்தான்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் தட்டை எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை சோறு கேட்டபோது மனைவி சொன்னாள்: "அந்தப் பொத்தானைக் கழத்தி விட்ட மகராசன் நல்லா இருக்கட்டும். பையத் தின்னுங்க."