எட்வின் சாரின் மடி ரூம்

சென்ற வாரம் ஒரு நாள் காலை, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பால் வாங்க நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எட்வின் சாரின் மனைவி பிலோமினா அக்கா. அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்லர். “தம்பி, சார் எந்திரிக்க மாட்டேங்குறாரு. உடம்பு சில்லுன்னு இருக்கு” என்றார். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ அழுவது மட்டும் கேட்டது.

பாலைக் கடையிலேயே வைத்துவிட்டு, என் மனைவி வேதவல்லிக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணீர் வரவில்லை. எட்வின் சார் போய்விட்டார், இனி அக்காவுக்குப் பை மாற்றுவது யார்? இந்த ஒரு கேள்விதான் பாலக்கரை போய்ச் சேரும்வரை மனத்தில் ஓடியது.

அவரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எட்வின் சாரும் நானும் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அவர் பாலக்கரைக் கத்தோலிக்கர், நான் ஸ்ரீரங்கத்து நாமக்காரன். “வாங்க ஸ்வாமி” என்று முதல் நாள் கேலியாகக் கூப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மின்விசிறி கிரீச்சிட்டால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேஜைமேல் ஏறிவிடுவார். அவர் கை பட்டதெல்லாம் பிழைத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்துச் சுவர்க்கடிகாரம் அவர் கையில்தான் செத்தது. அதைக் குத்திக்காட்டினால், “செத்த பிறகுதான் ஸ்வாமி உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுது” என்பார்.

பிலோமினா அக்கா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. விடுமுறை வந்தால் இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயாவது கிளம்பிவிடுவார்கள். எட்வின் சார் ஓய்வு பெற்ற சில மாதங்களில் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. மருத்துவமனைக்குப் போய்ப் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம், அல்லது வயிற்றில் ஒரு சிறு குழாய் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பை மருந்துநீரை வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுப்பை மாட்ட வேண்டும். தினமும் நாலு வேளை. சர்க்கரையால் அக்காவின் பார்வை மங்கியிருந்ததால் எட்வின் சார்தான் மாற்றுவார். அந்த நேரத்தில் அறைக்குள் தூசி கூடாது, காற்றோட்டம் கூடாது, கையில் அழுக்கு கூடாது. கிருமி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஊர் சுற்றிய மனுஷி ஓர் அறைக்குள் அடைபட்டார். ஒரு நாள் நான் இருக்கும்போதே சொன்னார்: “இந்த நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு எதுக்குங்க உசுரோட இருக்கணும்? விட்டுருங்க.”

எட்வின் சார் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, “சுவர்தானே ஸ்வாமி பிரச்சினை? சுவத்தோட கிளப்பிக் கூட்டிட்டுப் போயிட்டா?” என்றார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதமே, நாலு கதவு வைத்த பழைய பிக்கப் வண்டி ஒன்று அவர் வீட்டின் பின்பக்கத்தை ஒட்டிய காலிமனையில் வந்து நின்றது. ஒரு காலத்தில் அவர் அப்பாவின் மரக்கடை இருந்த இடம் அது. அங்கேதான் சக்கரம் வைத்த அறை முளைத்தது. இரும்புச் சட்டத்தை அரியமங்கலம் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கினார். மற்றதெல்லாம் தானே செய்தார். முதலில் வண்டியின் பின்கொக்கியில் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லராகத்தான் செய்தார். திண்டுக்கல் சாலையில் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனதும் அது வாலை ஆட்டியது பாருங்கள், எனக்குப் பெருமாள் திருநாமம் அத்தனையும் வாயில் வந்துவிட்டது. எட்வின் சார் ஓரமாக நிறுத்தி இறங்கி, அதைச் சுற்றி வந்தார். “வால் ஆட்டுற வண்டி நமக்கு ஆகாது” என்றார். திரும்பி வந்து, அத்தனை நாள் உழைத்துச் செய்ததன் முன்பக்கத்தை வெட்டிப் போட்டார்.

பிறகு செய்ததுதான் ஃபிஃப்த் வீல். கண்டெய்னர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வரும் பெட்டியின் கழுத்து, முன்வண்டியின் பின் அச்சுக்கு மேலே ஒரு வட்டத் தட்டில் வந்து உட்காரும். கனம் அங்கே இறங்குவதால் பெட்டி ஆடாது. அதையே சின்னதாகத் தன் பிக்கப்பின் முதுகில் செய்தார். “இதுக்குப் பதிலா ஒரு வேனை வாங்கி உள்ளயே ரூம் போட்டுடலாமே சார்?” என்று கேட்டேன்.

“வேன்னா இன்ஜின் சூடு, டீசல் வாசனை எல்லாம் உள்ள வரும் ஸ்வாமி. இது தனி. நான் வண்டியைக் கழட்டிக்கிட்டு மருந்துக்கடைக்குப் போனாலும் அவ ரூம் அசையாம நிக்கும்.”

பெட்டிக்குத் தனி பிரேக் வைத்தார். அது இல்லாதபோது பிரேக்கை மிதித்தால், பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். கூரையில் சோலார் தகடு. மருந்துநீர்ப் பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு பெட்டி வேண்டும். மணப்பாறையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூட்டை அளவாக வைக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து அதில் பொருத்திவிட்டார். “இனிமே நீங்க முட்டை வெச்சாலும் பொரிச்சுரும்” என்று அக்கா சிரித்தார். நெடுநாள் கழித்து அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

தூசிதான் பெரிய எதிரி. அது வருகிறதா என்று கண்டுபிடிக்க என் வேட்டியைக் கடன் வாங்கினார். எங்கள் வீட்டில் மடித்துணியைக் கழியால் உயரக் கொடியில் உலர்த்தி, பூஜை முடியும்வரை யாரும் தொடாமல் காப்போம். வேதவல்லி அதில் ராட்சசி. “மாமி உலர்த்துன வேட்டியை விட சுத்தமானது ஊருல இல்ல” என்று அந்த வெள்ளை வேட்டியைப் பெட்டியின் கட்டிலில் விரித்து, கதவைச் சாத்தி, மணப்பாறைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து திறந்து பார்ப்பார். வேட்டியில் பொட்டுத் தூசி இருந்தாலும் அது வந்த வழியைத் தேடி அடைப்பார். இதனால் அந்த அறைக்கே ‘மடி ரூம்’ என்று பெயர் வந்துவிட்டது.

ஒரு தடவை வேட்டி முழுக்க மெல்லிய சாம்பல் நிறம். எட்வின் சார் அத்தனை ஜன்னல் ரப்பரையும் பிடுங்கி, புதிதாக ஒட்டினார். மறுபடியும் சாம்பல். தரையில் ஒயர் நுழையும் ஓட்டைகளை எல்லாம் அடைத்தார். மறுபடியும் அதே கதை. மனுஷர் சோறு தண்ணீர் இல்லாமல் பெட்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார். கடைசியில் அக்கா மெதுவாக, “தினம் சாயங்காலம் உள்ள சாம்பிராணி போடுறேங்க. அதனால இருக்குமா?” என்றார். ரூம் மங்களகரமாக இருக்கட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காட்டுவதுபோல் மூலை மூலையாகப் புகை காட்டியிருக்கிறார். எட்வின் சார் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, “ஏம்மா, நான் ரோட்டுல தேடுறேன், நீ தூபக்கால்ல வெச்சிருக்கியா!” என்று தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். தேவனும் பெருமாளும் சேர்ந்து மன்னிக்க வேண்டும், நானும் சிரித்தேன்.

முதல் பயணம் வேளாங்கண்ணிக்கு. நானும் வேதவல்லியும் கூடப் போனோம். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எட்வின் சார் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, முகமூடி கட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரத்துக்குமேல் நாங்கள் வெளியே நின்றோம். கதவு திறந்ததும் அக்கா படியில் வந்து உட்கார்ந்து சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடலைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கன்னியாகுமரி, ராமேஸ்வரம், தரங்கம்பாடி என்று போய்க்கொண்டே இருந்தார்கள். சக்கரத்து பேரிங் சூடாகி வழியில் நின்றது உண்டு, அதிர்வு தாங்கும் இரும்புப் பட்டை உடைந்து ஒரு பஞ்சர் கடை வாசலில் குடியிருந்தது உண்டு. எல்லாவற்றையும் எட்வின் சார் மண்ணில் படுத்துத் தானே சரிசெய்தார். பை மாற்றும் நேரத்தை மட்டும் அவர் தவறவிட்டதில்லை.

ஒரே ஒரு தடவை அவர் உடைந்துபோய்ப் பார்த்தேன். தகரம் வெட்டும்போது உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். புண் உள்ள கையால் பை மாற்றக் கூடாது. “என் கையே அவளுக்கு விஷமாயிருச்சு ஸ்வாமி” என்று சின்னக் குழந்தைபோல் அழுதார். என் பின்னால் நின்ற வேதவல்லிதான், “எனக்குச் சொல்லிக் கொடுங்கோ சார். மடியா இருக்கறது எனக்கு என்ன புதுசா?” என்றாள். அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கை ஆறும்வரை வேதவல்லி பாலக்கரையிலேயே தங்கினாள். தையல் பிரித்த அன்றே, “போதும் மாமி, என் வேலையைக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டார். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே வராது.

இறப்பதற்கு முதல் நாள் மாலைகூடப் பெட்டியின் சக்கரங்களைக் கழற்றிப் புது கிரீஸ் வைத்து மாட்டினாராம். மைசூர் போகலாம் என்று இருந்தார்கள். இரவு கடைசிப் பையை மாற்றிவிட்டுத்தான் படுத்திருக்கிறார்.

நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கட்டைவிரல் நகத்தில் கிரீஸ் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. வீடு முழுக்க ஆட்கள், மெழுகுவத்திப் புகை, மாலைகள், பூவாசனை. காலைப் பை மாற்றும் வேளை எப்போதோ தாண்டிவிட்டது. யார் சொல்லியும் அக்கா எழுந்திருக்கவில்லை. “வேணாம். அவரே போயிட்டாரு, இனிமே எதுக்கு? விட்டுருங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை அடக்கம் என்று முடிவாயிற்று. மதிய வேளையும் தாண்டியது. அக்காவின் முகம் வீங்கத் தொடங்கியிருந்தது.

சாவு வீட்டு வாசலில் நின்று விசாரித்துவிட்டு, வீடு திரும்பித் தலைமுழுகும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள் என் வேதவல்லி. என் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே பின்மனைக்குப் போவதைப் பார்த்தேன். மடி ரூமின் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, முழங்கைவரை கழுவிய கைகளை யார்மீதும் படாமல் உயர்த்திப் பிடித்தபடி கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, பை சூடாயிடுத்து. சார் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். என்னால உங்களைத் தொட்டுத் தூக்க முடியாது, கை அலம்பிண்டுட்டேன். நீங்களேதான் எழுந்துக்கணும்.”

எட்வின் சாரின் தம்பி, “கோயில்ல ஃபாதர் காத்துக்கிட்டிருக்காருங்க. எடுத்துடலாமே” என்றார். “காத்துண்டிருக்கட்டும்” என்றாள் வேதவல்லி. வாசலைவிட்டு அவள் நகரவில்லை. அக்கா வெகுநேரம் அவள் கைகளையே பார்த்தார். பிறகு தரையில் கையூன்றி எழுந்தார்.

அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும், சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்களும் காத்திருந்தோம். பின்மனையில் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. வெளியே வந்தபோது வேதவல்லி வடித்த பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கலங்கியிருந்தால் கிருமி நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அது தெளிவாக இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, எட்வின் சாரின் காதருகே குனிந்தார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“மாத்தியாச்சுங்க. தண்ணி தெளிவா இருக்கு.”

அதன் பிறகுதான் அவரைத் தூக்கினோம்.

எட்வின் சார், இதை எழுதும்போது வேதவல்லி பாலக்கரையில்தான் இருக்கிறாள். நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். முகமூடி கட்டினால் எனக்கு மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்துவிடுகிறது, அக்கா திட்டுகிறார். உங்கள் வேலையைத் திரும்பக் கேட்டு நீங்கள் வர மாட்டீர்கள் என்பதுதான் தாங்கவில்லை. அடுத்த பைக்கு ஆள் இருக்கிறது சார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.